முதலில் உட்கார்ந்தவள்

"உட்காருங்க, எல்லாரும் உட்காருங்க" என்றார் மாலினி மேடம். ஒருவரும் உட்காரவில்லை.

எஸ்டேட் ஆபீஸுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் இருந்த மஸ்டர் திடல் அது. தினமும் காலையில் பேர் வாசித்து வேலைக்கு அனுப்புகிற இடம். பறித்த கொழுந்துக்கு மத்தியான எடை முடிந்து, இடுப்பில் ஈரத்துக்குச் சுற்றிய பிளாஸ்டிக் சீட்டும் தலையில் துண்டுமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். எதிரே கல்லூரி மாணவிகள் நாங்கள், கையில் நோட்டும் பேனாவுமாக. காலையில் பெய்த மழையின் ஈரம் தரையில் இன்னும் காயவில்லை. அன்று ஃபேக்டரியில் அடுப்பு மூட்டவில்லை. அதனால் அந்த இடத்துக்கே உரிய தேயிலை வாசனை இல்லாமல், ஈர மண் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண்களுக்கு நடுவில் என் அம்மா சரோஜாவும் இருந்தாள். மகளுடைய டீச்சர் வருகிறார் என்று, கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் சீட்டைச் சுற்றியிருந்தாள்.

"பரவால்லீங்க மேடம், நாங்க நின்னுக்கறோங்க" என்றார் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்கா. "எங்களுக்கு நின்னே பழக்கமுங்க."

மேடம் விடவில்லை.

இந்தத் தொடரைப் படிக்கும் கோத்தகிரி வாசகி ஒருவர், 'மகளிரியல் படித்ததாக எழுதுகிறீர்கள், மகளிர் தினக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் ஏன் வருவதில்லை? தலைக்கனமா?' என்று கேட்டிருக்கிறார். தலைக்கனமெல்லாம் ஒரு மண்ணும் இல்லை அம்மா. அந்தக் கூட்டங்களில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைக்கிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. ஏன் என்று இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத பாடம்

நான் ஊட்டியில் வரலாறு படித்தேன். கூடவே ஒரு துணைப்பாடம் எடுத்தாக வேண்டும். கம்ப்யூட்டர் எடுக்கத்தான் ஆசை. ஆனால் அந்த வகுப்பு முடிவதற்குள், எங்கள் ஊருக்குக் கட்டபெட்டு வழியாகப் போகிற பஸ் போய்விடும். மகளிரியலில் அந்தத் தொல்லை இல்லை. பெண்ணியத்துக்கு நான் வந்து சேர்ந்த கதை இவ்வளவுதான்.

பல துறைகள் சேர்ந்து நடத்தும் பாடம் என்று அதைப் பெருமையாகச் சொன்னார்கள். எல்லாருக்கும் பொது என்பதால் எந்தத் துறையும் அதற்கு ஓர் அறை கொடுக்கவில்லை. விலங்கியல் லேபில்தான் வகுப்பு. அலமாரியில் மருந்துத் தண்ணீருக்குள் சுருண்டு கிடந்த பாம்பும் தவளையும் எங்களோடு சேர்ந்து பாடம் கேட்டன.

பொருளாதார சார் வருவார். வீட்டு வேலைக்கு ஏன் சம்பளம் இல்லை என்று கூரையைப் பார்த்தபடியே பேசிவிட்டுப் போவார். எங்கள் முகத்தைப் பார்த்துப் பேச அவருக்குக் கூச்சம். விலங்கியல் மேடமோ கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் போர்டில் கர்ப்பப்பையை வரைவார். மணி அடித்ததும் முதல் வேலையாக அதை அழித்துவிடுவார். அடுத்து வருகிற பையன்கள் பார்த்துவிட்டால் உலகம் இடிந்து விழுந்துவிடும் பாருங்கள்.

இவர்கள் எல்லாரையும் கட்டி மேய்த்தவர் மாலினி மேடம். சென்னைக்காரர். சமூகவியல். கைத்தறிச் சேலைக்கு மேல் தொளதொளவென்று ஓர் ஆம்பளை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவார். முதல் நாளே பெஞ்சுகளை எல்லாம் சுவரோரம் தள்ளச் சொன்னார்.

"டீச்சர் மேல, நீங்க கீழங்கற ஏற்பாடே இந்த வகுப்புல வேண்டாம். வட்டமா உட்காருவோம். வட்டத்துல முதல் ஆளும் கிடையாது, கடைசி ஆளும் கிடையாது. என்னை மாலினின்னே கூப்பிடுங்க."

"சரிங்க மேடம்" என்றோம் ஒரே குரலில்.

ஊட்டியின் சிமென்ட் தரை மார்கழியில் எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பழைய நியூஸ் பேப்பரை நாலாக மடித்துப் போட்டு உட்காருவோம். எழுந்திருக்கும்போது கால் மரத்துப்போயிருக்கும். ஆனாலும் அந்த வகுப்பு எனக்கு உயிர். என் அம்மா கொழுந்து பறிப்பதையும், திரும்பி வந்து விறகு பொறுக்குவதையும், எங்களுக்குத் துவைத்துப் போடுவதையும் 'உழைப்பு' என்று வாய் நிறையச் சொன்ன முதல் மனுஷி மாலினி மேடம்தான். அதை நான் மறுக்க மாட்டேன். அந்த மனுஷியை எனக்கு அவ்வளவு பிடித்திருந்ததால்தான் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

பேர் இருக்கிற வரை

தேயிலை படுத்துக் கிடந்த வருடங்கள் அவை. மலையில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பச்சை இலையை வாங்க ஆளில்லை. சின்ன விவசாயிகள் செடிகளைப் பிடுங்கிவிட்டு கேரட் போடலாமா என்று கேத்திப் பக்கம் போய் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் எஸ்டேட்டில் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. மீதி இலையை லாரியில் ஏற்றி வேறெங்கோ அனுப்பினார்கள். தொழிலாளிகளுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளிலிருந்து ஆண்கள் ஒவ்வொருவராக மலையை விட்டுக் கீழே இறங்கினார்கள். என் அப்பாவும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருகிற ஒறம்பரை, விருந்தாளி ஆகிவிட்டார்.

இதில் ஒன்றை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் லைன் வீடு எங்களுடையது அல்ல. எஸ்டேட்டில் பேர் இருக்கிறவருக்குத்தான் வீடு. அப்பா பேரை வெட்டிக்கொண்டு போனபிறகு அந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது அம்மாவின் பேர் ஒன்றுதான். ஆளைக் குறைக்க வேண்டும் என்று மேனேஜர், அதாவது பெரிய துரை, காரணம் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது லைனில் எல்லாருக்கும் தெரியும். அதனால் பெண்கள் காய்ச்சலோடும் மஸ்டருக்குப் போய் நிற்பார்கள். ஒரு லீவு போடவும் பயம்.

உட்கார்ந்தால் என்ன ஆகும்

மஸ்டர் திடலில் யாரும் உட்கார மாட்டார்கள். போர்டு எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் அது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே தெரிந்துவிடும். களைத்துப் போனால் செடி ஓரத்துக் கல்லில் உட்காரலாம், லைன் வாசலில் உட்காரலாம், திடலில் மட்டும் நிற்கத்தான் வேண்டும்.

அங்கே உட்கார்ந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். வேலை நிறுத்தம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை பார்த்திருக்கிறேன். போனஸ் தகராறு. கோஷம் கிடையாது, கொடி கிடையாது. காலையில் பேர் வாசித்தார்கள். யாரும் குரல் கொடுக்கவில்லை. எல்லாரும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். பனி கொட்டியது. பிளாஸ்டிக் சீட்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். முதலில் உட்கார்ந்தவர் ஒரு பெரியவர். பிரச்சினையெல்லாம் தீர்ந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பிய பிறகு, அவர் பேர் மட்டும் திரும்பி வரவில்லை. குடும்பத்தோடு ஓவேலிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் அவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

வட்டம்

இப்போது திடலுக்குத் திரும்புவோம்.

களப்பணிக்கு எங்கள் எஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்தவர் மேடம்தான். உதவி மேனேஜரான சின்ன துரை போனிலேயே அனுமதி கொடுத்துவிட்டார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, இந்த உட்காருகிற விஷயம் வரும்வரை.

நான் மேடம் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "மேடம், இங்க உட்காரக் கூடாதுங்க. ஆபீஸ்ல வேற மாதிரி எடுத்துக்குவாங்க. வாங்க, லைன் பக்கம் போயிரலாம்."

"யாராவது உட்காரக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"சொல்லலைங்க மேடம். ஆனா..."

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. மற்ற மாணவிகள் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா? யாருமே தடுக்கல. இவங்களே இவங்களைத் தடுத்துக்கறாங்க. இவங்க பொண்ணு, படிச்ச பொண்ணு, அவளுக்குள்ளேயும் அந்த பயம் இறங்கியிருக்கு. போன வாரம் நாம பேசினது இதைத்தான்."

எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். என் பயத்தை என் கண் எதிரிலேயே நோட்டு எடுத்தார்கள்! எனக்குக் காது சுட்டது.

மேடம் ஈரத் தரையில் சட்டென்று உட்கார்ந்து, கையை நீட்டி எல்லாரையும் கூப்பிட்டார். மாணவிகளும் உட்கார்ந்தார்கள். தொழிலாளிப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீட்டிய கை அப்படியே இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். என் முகம் சிவந்து போயிருந்ததை மட்டும்தான் அவள் கவனித்தாள் என்று நினைக்கிறேன். டீச்சர் முன்னால் பிள்ளைக்குத் தலைகுனிவு என்று பட்டிருக்கும்.

"அட, உக்காருங்க புள்ளைகளா" என்றாள் அம்மா. "புள்ளைக்குப் படிப்புச் சொல்லிக் குடுக்கறவங்க மண்ணுல உக்காந்திருக்காங்க. நாம மரமாட்டம் நிக்கறதா?"

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் சீட்டு படபடவென்று சத்தம் போட்டது. அதற்கப்புறம் பொன்னம்மாக்கா உட்கார்ந்தார், பின்னாலேயே ஒவ்வொருவராக எல்லாரும்.

சும்மா சொல்லக் கூடாது, கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. பெண்கள் சிரித்தார்கள். கையில் ஏறிய தேயிலைக் கறையைக் காட்டினார்கள். மேடம் கேட்டார்: "இந்த எஸ்டேட்ல உங்களுக்குன்னு என்ன இருக்கு?"

"ஊடு இருக்குதுங்க" என்றாள் அம்மா. "பேர் இருக்கற வரைக்கும் ஊடு. பேர் போச்சுன்னா ஊடும் போச்சுங்க."

அப்போது ஆபீஸ் வாசலில் தொங்குகிற தண்டவாளத் துண்டில் மணி அடித்தார்கள். மத்தியான வேலைக்கான மணி. பெண்கள் எழுந்தார்கள். அம்மாவும் எழப் பார்த்தாள். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒரே நிமிஷம்மா. ரொம்ப முக்கியமான இடத்துல இருக்கோம். இதை முடிச்சிடலாம்."

பாதி எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். ஆபீஸ் ஜன்னலில் பெரிய துரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போது எங்களுக்கு மட்டும் கப்பும் சாஸருமாக டீ வந்தது. அவரே வெளியே வந்து மேடத்துக்குக் கைகூப்பி வழியனுப்பினார்.

வாசிக்காத பேர்

மறுநாள் காலை மஸ்டரில் அம்மாவின் பேரை வாசிக்கவில்லை. உட்கார்ந்த யார் பேரையும் வாசிக்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் மன்னிப்பு எழுதிக் கைநாட்டு வைத்து ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் சார்ஜ் ஷீட் வந்தது. வேலை நேரத்தில் திடலில் முதலில் உட்கார்ந்து மற்றவர்களைத் தூண்டினாராம்.

நான் படித்துக் காட்டியபோது அம்மாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நானா? தூண்டுனனா? அடக் கொடுமையே!" சிரித்து முடித்த பிறகு அடுப்படிக்குப் போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

யூனியன்காரர் கையை விரித்தார். எஸ்டேட்டை இழுத்து மூடாமல் இருந்தால் போதும் என்றிருக்கிற நேரத்தில் ஒரு பேருக்காகச் சண்டை போட அவர் தயாராக இல்லை. நான் ஆபீஸில் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "நீ அவங்க பொண்ணு. உன் பேச்சு எடுபடாது. உங்க மேடம் வந்து, நான்தான் உட்காரச் சொன்னேன், மணி அடிச்சப்பவும் நான்தான் பிடிச்சு வெச்சேன்னு சொல்லட்டும். இதை விட்டுடறோம்" என்றார்கள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானே! மேடத்திடம் ஓடினேன். கேட்டதும் அவர் பதறிப்போனார்.

"அநியாயமா இருக்கே! நான் வர்றேன். நானே வந்து சொல்றேன். என் வகுப்புக்காகத்தானே உட்கார்ந்தாங்க!"

சார்ஜ் ஷீட்டை விசாரிக்கிற என்கொயரி அன்று அம்மா பொன்னம்மாக்கா வீட்டிலிருந்து நாற்காலி ஒன்றை வாங்கி வந்து எங்கள் வாசலில் போட்டாள். பேசி முடித்துவிட்டு மேடம் வீட்டுக்கு வந்தால் உட்கார. ஈரத் துணியால் அதை இரண்டு தடவை துடைத்தாள்.

நான் கட்டபெட்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். மஞ்சு இறங்கி ரோடே தெரியவில்லை. ஊட்டி பஸ் ஒவ்வொன்றும் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். முட்டைக்கோஸ் மூட்டை இறங்கும், ஸ்கூல் பிள்ளைகள் இறங்கும். கைத்தறிச் சேலை இறங்குகிறதா என்று பார்ப்பேன். இந்த பஸ்ஸில் இல்லை, அடுத்ததில் வருவார். அதிலும் இல்லை, அதற்கடுத்ததில் கட்டாயம் வருவார். டீக்கடைக்காரர், "யாருக்குங்க காத்திருக்கறீங்க?" என்று கேட்டார். "எங்க டீச்சருக்குங்க" என்றேன்.

கடைசியில் அம்மாவே என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். என்கொயரி முடிந்துவிட்டது.

"வரலையா? போச்சாது, போனாப் போகுது, உடு கண்ணு. அவங்களுக்கு என்ன வேலையோ."

"என்னம்மா போச்சாது?" என்று நடுரோட்டில் கத்தினேன். "ஊடே போகுது, போச்சாதாம்!"

அம்மா முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாள்.

பஸ் ஏறாத அமைப்பு

மறுநாள் லேபில் மேடம் என் கண்ணைப் பார்க்கவில்லை. பொருளாதார சாரைப் போல அவரும் கூரையைப் பார்த்தார். எஸ்டேட் முதலாளி கல்லூரிக் கமிட்டியில் இருக்கிறாராம். தொழிலாளர் தகராறில் கல்லூரி தலையிடக் கூடாது என்று பிரின்சிபால் சொல்லிவிட்டாராம்.

"புரிஞ்சுக்கோம்மா. இது ஒரு தனிப்பட்ட ஆளோட தப்பு இல்ல. மொத்த அமைப்போட தப்பு."

"அமைப்பு பஸ் ஏறி வராதுங்க மேடம்" என்றேன். "நீங்க வந்திருக்கலாம்."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். முதல் ஆளும் கடைசி ஆளும் இல்லாத அந்த வட்டத்தில் ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை.

மேடத்தின் வேலையும் அப்போது நிரந்தரமாகவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. பாவம்தான். தெரிந்தும் என் கோபம் குறையவில்லை. வேலை போனால் அவருக்குச் சென்னையில் அப்பா வீடு இருந்தது.

எங்கள் களப்பணி அறிக்கைக்குத்தான் அந்த வருடம் முதலிடம். முன் அட்டையிலேயே என் அம்மாவின் வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'பேர் இருக்கிற வரைக்கும் வீடு.' கீழே சின்ன எழுத்தில், சொன்னவரின் பாதுகாப்பு கருதிப் பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று போட்டு, மல்லிகா என்று ஒரு பெயர். அம்மாவின் பாதுகாப்புக்காம். அந்த அட்டை அச்சாகி வந்த வாரம்தான் நாங்கள் லைன் வீட்டைக் காலி செய்தோம். ஆட்டுக்கல்லைத் தூக்க முடியாது என்று பொன்னம்மாக்காவிடமே விட்டுவிட்டு வந்தோம்.

நான் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பை முடித்தேன். அம்மா அப்பாவிடம் திருப்பூர் போய்விட்டாள்.

திருப்பூரில்

சர்டிபிகேட் வாங்கிய கையோடு பஸ் ஏறினேன். அம்மா வேலை செய்கிற இடத்துக்கு அப்பா கூட்டிப் போனார். தகரக் கூரை போட்ட நீள ஷெட். மலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த அனலில் மூச்சே வரவில்லை. காற்றெல்லாம் பஞ்சுத் தூசி.

நடுவில் பனியன்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. அதைச் சுற்றித் தரையில் பெண்கள் உட்கார்ந்து சின்னக் கத்திரியால் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா இளைத்துப் போயிருந்தாள். கையிலிருந்த தேயிலைக் கறை போய், விரலெல்லாம் வெளுத்திருந்தது.

சர்டிபிகேட்டைக் கொடுத்தேன். கத்திரியைக் கீழே வைத்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினாள். "எம் புள்ளைங்க. பொம்பளைங்களப் பத்தியே தனியாப் படிச்சிருக்கறா."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். தன் பக்கத்தில் கிடந்த பனியன்களை ஒதுக்கித் தரையில் இடம் விட்டாள்.

"உக்காரு கண்ணு" என்றாள். "உங்க மேடம் சொன்னாப்புலயேதான் இங்க எல்லாரும் உக்காந்திருக்கறோம். பொளுதன்னிக்கும். இங்க யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

அவள் கேலிக்குச் சொன்னாளா, நிஜமாகவே என்னைத் தேற்றத்தான் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சுற்றி இருந்த பெண்கள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். நான் உட்காரவில்லை. அவர்களுக்கு வேலை முடிகிறவரை சுவரோரம் நின்றுகொண்டே இருந்தேன்.